பொழிச்சலூர் டீச்சரும் நாற்பத்தொன்றாம் விதியும்

ஜெயசீலி டீச்சரைக் கமிட்டியில் போட்டது அவள் கெட்டிக்காரி என்பதற்காக அல்ல. பொழிச்சலூர் பள்ளியின் முறை வந்தது, அவ்வளவுதான். நற்கனி மிஷன் கல்விச் சங்கத்துக்குப் பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஒன்பது பள்ளிகள். சர்க்கார் மானியம் கிடையாது; சம்பளம் மிஷன் சம்பளம், சட்டமும் மிஷன் சட்டம். அந்தச் சட்டத்தைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை தூசி தட்டி எடுத்து, விதி விதியாக வாசித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை அடித்துவிடுவார்கள். அப்படி உட்காரும் ஏழு பேரில் ஒருவர் ஆசிரியர்களின் பிரதிநிதி. 1988இல் அது பொழிச்சலூர் பள்ளிக்கு விழுந்தது. பெரிய டீச்சர் பார்த்தார், மூன்றாம் வகுப்பு ஜெயசீலி மேல் கை வைத்தார்.

"எனக்கு என்ன டீச்சர் தெரியும்? நான் பாட்டுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று ஜெயசீலி மன்றாடிப் பார்த்தாள்.

"எட்டு சனிக்கிழமை. போய் உக்காந்துட்டு வா. டீயும் பன்னும் குடுப்பாங்க" என்றார் பெரிய டீச்சர்.

கையில் ஒரு பழைய புத்தகத்தின் நகல் வந்தது. சைக்ளோஸ்டைல் எடுத்தது, மை ஈஷியிருந்தது. அறுபத்து நான்கு விதிகள். வெள்ளைக்கார மிஷனரி காலத்தில் எழுதியது. நடுவில் நாலைந்து தடவை மறுபரிசீலனை நடந்தும், நேரமில்லை என்று பாதியிலேயே எழுந்துபோய்விடுவார்களாம். அதனால் முன்பாதி விதிகளில் புதுத் தமிழும் பின்பாதியில் பழைய தமிழும் இருந்தன. பல்லாவரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடி ஜெயசீலி அதைப் புரட்டினாள். ஆசிரியைகள் சைக்கிளில் வரலாகாது என்று இருந்தது, சிரிப்பு வந்தது. புரட்டிக்கொண்டே போனவள் நாற்பத்தொன்றில் நின்றாள்.

"காக்கை வலிப்பு, க்ஷயம், பெருவியாதி ஆகிய நோயுடையவரும், முன்னர் அவ்விதம் நோயுடையவராயிருந்தவரும், சங்கத்தின் பள்ளிகளில் எவ்வித ஊழியத்திலும் இருக்கலாகாது."

தாம்பரம் போகிற வண்டி வந்தது, நின்றது, போய்விட்டது. அவள் பிளாட்பாரத்திலேயே நின்றாள்.

ஏன் நின்றாள் என்று சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஜெயசீலிக்கு வலிப்பு உண்டு. பதினாலாவது வயதில், குரோம்பேட்டையில் அவளுடைய அப்பா வாடகைக்கு இருந்த வீட்டில், தண்ணீர்க் குடத்தோடு கீழே விழுந்ததுதான் முதல். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொன்னதில்லை. "அது" என்பார்கள். "அது வந்துச்சா?" "இல்ல." அவ்வளவுதான் பேச்சு. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் விடுதியில் இருந்தபோது தூங்கவே பயந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாமலே கல்யாணத்தை முடித்தார் அப்பா. கல்யாணமாகி இரண்டாம் மாதம், சமையலறையில் கணவன் வில்பிரட்டின் கண்ணெதிரே விழுந்தாள். எழுந்து பார்த்தால் அவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருக்கிறான். பயந்த சுபாவம் அவனுக்கு. ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அதற்காகவே அவன் செய்கிற மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைப்பாள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டால் வருஷக்கணக்கில் வராது. வருவதாக இருந்தால் முன்னாடியே ரப்பர் கருகுகிற வாடை மூக்கில் அடிக்கும்; உடனே போய்ப் படுத்துவிட்டால் தப்பிக்கலாம். பதினொரு வருஷ வேலையில் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவைதான் மாட்டிக்கொண்டாள். 1983, மதியச் சாப்பாட்டு வேளை, தேசப்படங்கள் சுருட்டி வைத்திருக்கும் அறை. பார்த்தவள் ஆயா தனக்கோடி ஒருத்திதான். அவள் கதவைச் சாத்தி, டீச்சரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முந்தானையால் வாயைத் துடைத்து, கூப்பிட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளிடம், "டீச்சருக்குப் பசி மயக்கம், ஓடுங்க ஓடுங்க" என்று துரத்தியும் விட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. எதிரெதிரே வந்தால் "இன்னா டீச்சர், துன்னியா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் அடக்கம்.

மூன்றாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஜெயசீலிக்கு அந்த வகுப்பைத் தவிர வேறு பெருமை எதுவும் கிடையாது. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கிவிழுகிற பிள்ளையை அடிக்காமல் மிரட்டாமல் கரையேற்றிவிடுவாள். அது எல்லாருக்கும் வராது. பள்ளியை விட்டுப்போன பையன்கள் பம்மல் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தால் பீடியை மறைப்பார்கள். இந்த வேலை போனால் அவள் யார்? வில்பிரட் பெண்டாட்டி. வலிப்புக்காரி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நகலை வில்பிரட்டிடம் நீட்டினாள். அவன் நின்றபடி வாசித்தான். முகம் சுண்டிவிட்டது.

"யாருக்குத் தெரியும் சீலி? அம்பது வருஷமா தூங்கிட்டு இருக்குற விதி. இவங்க பாட்டுக்கு வாசிச்சிட்டுப் போயிடுவாங்க. நீ வாயைத் திறக்காத" என்றான்.

"தூங்கிட்டு இருந்ததுதாங்க. இப்ப எழுப்பறாங்களே!"

கமிட்டி கூடுவது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த சங்க அலுவலகத்தில். தலைவர் தேவானந்தம் ஐயர். சபை குரு, எழுபதை நெருங்கியவர், சாந்தமான மனுஷர். அவருக்கு வலப்பக்கம் ஜெபசீலன் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் ஒழுங்கு பண்ணாமல் விடமாட்டார், மேசையில் கிடக்கும் குண்டூசியைக்கூட வரிசையாக அடுக்குவார். பெற்றோர் சார்பில் ஒருவர், நிர்வாகத்தார் மூன்று பேர், ஜெயசீலி. வாசிக்கிறவர் குமாஸ்தா வேதசிரோமணி. அவருக்கு ஓட்டு கிடையாது, குரல் மட்டும் உண்டு.

ஒரு சனிக்கிழமைக்கு எட்டு விதி. வேதசிரோமணி வாசிப்பார். ஐயர், "இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்பார். அங்கே ஒரு பழக்கம் உண்டு. விதி யாரைத் தொடுகிறதோ அவர்களுடைய ஆள்தான் முதலில் கை தூக்க வேண்டும். ஃபீஸ் விதி என்றால் பெற்றோர். கட்டட விதி என்றால் நிர்வாகம். வேலைக்காரர்களைப் பற்றிய விதி என்றால் ஆசிரியர் பிரதிநிதி. மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். மரியாதைக்கு ஏற்பட்ட பழக்கம். நாளாவட்டத்தில் அதுவே தீர்ப்பாகிவிட்டது. சைக்கிள் விதி வந்தபோது ஜெயசீலி "போகட்டும்" என்று கை தூக்கினாள். ஆறு கைகள் சட்டென்று கூடவே எழுந்தன. ஐயர் சிரித்தார். "போச்சு. இனிமே சைக்கிள் ஓட்டலாம்மா."

அந்தச் சிரிப்பில் ஒரு நிமிஷம் அவளும் கலந்துகொண்டாள். தன் கைக்கு இருந்த மதிப்பு அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. அவள் கணக்கெல்லாம் வேறு. எட்டு, பதினாறு, இருபத்து நாலு, முப்பத்திரண்டு, நாற்பது. ஆறாவது சனிக்கிழமை, முதல் விதி நாற்பத்தொன்று. குறுக்கே ஏதாவது வந்து கமிட்டியே கலைந்துபோகாதா என்று வேண்டிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை நல்ல மழை, ரயில்கூட ஓடவில்லை, அவள் சந்தோஷப்பட்டாள். வாரம் ஒன்று தள்ளிப்போனதே தவிர விதி தள்ளிப்போகவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது நாற்பத்தொன்று என்ற எண் வந்தால் விரல் நின்றுவிடும். பிள்ளைகள் கத்துவார்கள், "டீச்சர், நாப்பத்தி ஒண்ணு டீச்சர்!"

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. வேதசிரோமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணீரென்று வாசித்தார். காக்கை வலிப்பு என்ற வார்த்தை அந்த அறையில் விழுந்ததும் ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள். கூடவே மூக்கில் ரப்பர் கருகுகிற வாடை. ஆண்டவரே, இப்பவா, இங்கேயா! மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். எழுந்து ஓடினால் ஏன் என்று கேட்பார்கள். உட்கார்ந்திருந்தால் இவர்கள் நடுவிலேயே விழுவேன்.

"சனியன் பிடிச்ச டயர் கடை! ஜன்னலைச் சாத்துங்க சார்" என்றார் பெற்றோர் பிரதிநிதி, மூக்கைப் பொத்திக்கொண்டு. பக்கத்து மனையில் டயருக்கு ரீட்ரெடிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"பழைய காலத்து விதி. ரொம்பக் கடுமையா இருக்கே" என்றார் ஐயர், தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தபடி.

"கடுமைதான் ஐயா. ஆனா சின்னப் பிள்ளைங்க விஷயம். எதுக்கும் யோசிக்கணும்" என்றார் பெற்றோர் பிரதிநிதி.

ஜெபசீலன் சார் அவள் பக்கம் திரும்பினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க பள்ளிக்கூடத்துல அந்த மாதிரி யாராவது இருக்காங்களா?"

ஆறு ஜோடிக் கண்கள். "இல்ல சார்" என்ற குரல் அவளுடையதா என்று அவளுக்கே சந்தேகம்.

"அப்ப, இருக்கட்டுமா, போகட்டுமா?" என்றார் ஐயர்.

போகட்டும் என்றால் ஏன் என்பார்கள். இவளுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று ஒருத்தருக்காவது தோன்றும். தோன்றினால் தோண்டுவார்கள். தப்பிக்க ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது. இருக்கட்டும் என்று கையைத் தூக்கினாள். அரை நொடி. ஆறு கைகள் எழுந்தன. ஐயரின் கை மட்டும் கொஞ்சம் மெதுவாக எழுந்தது.

"ஆசிரியர் பிரதிநிதி முதல் கை கொடுக்க, ஏகமனதாக நிலைநிறுத்தப்பட்டது" என்று வேதசிரோமணி எழுதினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஜெபசீலன் சார் விடுவாரா? "விதின்னு ஒண்ணு இருந்தா அது நடக்கணும். சும்மா புஸ்தகத்துல படுத்துக்கிட்டு இருக்கக்கூடாது. ஒவ்வொரு பள்ளியும் பதினஞ்சு நாள்ல லிஸ்ட் அனுப்பட்டும். யாருக்கு இருக்கு, யாருக்கு இருந்துச்சு, பேரோட" என்றார். நியாயமான மனிதர் என்பதால் இன்னொன்றும் சேர்த்தார். தீர்மானத்தை எல்லாப் பள்ளிகளிலும் முப்பது நாள் ஒட்டிவைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் யாராவது பெயர் போட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், அந்த விதியை இன்னொரு தடவை எடுக்க வேண்டும். மொட்டைக் கடிதம் செல்லாது.

அடுத்த வெள்ளிக்கிழமையே பொழிச்சலூர் பள்ளியில் தீர்மானம் ஒட்டப்பட்டது. ஜெயசீலி தன் பெயர் லிஸ்டில் போகாது என்று அறிந்தவள். யாருக்குத் தெரியும்? ஆனால் வேறொரு பெயர் போகும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் பயம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த விதியில் க்ஷயம் என்று ஒரு வார்த்தை இருப்பதே மறந்துபோயிருந்தது. தனக்கோடி 1979இல் காசநோயோடு ஆறு மாசம் சானடோரியத்தில் இருந்து ஊசி போட்டுக் குணமாகி வந்தவள். ஊருக்கே தெரியும். பெரிய டீச்சர் நேர்மையானவர். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். அடுத்த மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று தனக்கோடிக்குத் தாள் வந்தது.

தனக்கோடி அந்தத் தாளை வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்று பேசிய பேச்சை மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாக ஜெயசீலி கேட்டாள். "ஒம்போது வருசம் ஆவுது! ஒரு இருமல் கீதா எனக்கு? கேளு, தெருவையே கேளு! இந்தப் புள்ளைங்க மூக்க தொடச்சி, பீய கய்வி வுட்டேனே, எதுக்காவது ஒட்டிச்சா? இன்னா நாயம் இது?"

ஜெயசீலி ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருந்தாள். அடுத்த வார்த்தை அதுவாக இருக்கும். "உள்ள ஒரு டீச்சரு கீது, அத்த கேளு!" என்று இப்போது சொல்லப் போகிறாள். சொல்ல அவளுக்கு என்ன தடை? தான் போகும்போது இன்னொருத்தியையும் இழுத்துக்கொண்டு போவதுதானே மனுஷ குணம். தனக்கோடி சொல்லவில்லை. கத்தி ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, மணி அடிக்கப் போனாள். அன்றைக்கு மட்டும் "துன்னியா டீச்சர்" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராததே ஜெயசீலியை இன்னும் கொன்றது.

அப்புறம் தினமும் பயம்தான். தனக்கோடி பெரிய டீச்சர் அறைக்குள் போனால் பயம், வெளியே வந்தால் பயம். ஒரு நாள் மாத்திரை போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொன்று போட்டு, வகுப்பிலேயே கண் சொருகியது. இருபத்து நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் குரல் கேட்டது.

"டீச்சர்! கீறியா?"

வில்பிரட் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தான். "அந்த ஆயா. நீ இல்லைன்னு சொல்லிடட்டுமா?" ஜெயசீலி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்கப் போகிறாள். எல்லாவற்றையும் கேட்கப் போகிறாள்.

தனக்கோடி படியில் உட்கார்ந்து ஒரு முழு வெள்ளைத் தாளை மடிப்புக் கலையாமல் நீட்டினாள். "எயுதிக் குடுத்தா திரும்ப பாப்பாங்களாமே. எனக்கு எயுதப் படிக்கத் தெரியாது. நீ எயுதிக் குடு, நான் கைநாட்டு வெக்கிறேன்."

"நானா?"

"பின்ன? பெரிய டீச்சர்ட்ட கேட்டா, அவங்கதான எம் பேர அனுப்புனது. நீ எயுதுனா நல்லா எயுதுவ." சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னப் பத்தி ஒரு வார்த்த வராது. பயப்படாத."

ஜெயசீலி தாளை வாங்கினாள். எழுதினாள். ஒன்பது வருஷம், மருத்துவர் குணம் என்று கொடுத்த சீட்டு, பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. வாசித்துக் காட்டினாள். ஸ்டாம்ப் பேட் இல்லாமல், வில்பிரட் பேனாவைக் கழற்றி மை தடவினான். தனக்கோடி கட்டைவிரலை அழுத்தினாள். "வரட்டா" என்று எழுந்து போய்விட்டாள். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூட இவர்கள் கேட்கவில்லை. அவ்வளவு பயம்.

ஜெயசீலி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோறு குழைந்துபோனது. பிறகு வகுப்பு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"என்ன பண்றே?" என்றான் வில்பிரட்.

"நானும் எழுதறேங்க."

"பைத்தியமா உனக்கு? அவளுக்கு எழுதிக் குடுத்தாச்சு இல்ல? இன்னும் ஆறு நாள் சீலி! ஆறு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது!"

"அவ பேரு மட்டும் போனா, ஒரு ஆயாவுக்காக யாருங்க விதியை மாத்துவாங்க?"

அவன் போய்ச் சோற்றுப் பானையை இறக்கி வைத்தான். அவளுக்கும் துணிச்சல் ஒன்றும் பொங்கிவிடவில்லை. எழுதி எழுதி அடித்து மூன்று தாள் வீணாயிற்று. பதினாலு வயதிலிருந்து வீட்டில் யாரும் சொல்லாத அந்த வார்த்தையை முதல்தடவையாக எழுத்தில் பார்த்தாள். பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் மதியம் அரைநாள் லீவு போட்டுச் சேலையூர் போனாள். கைப்பையில் இரண்டு கவர். ஒன்றைக் கொடுப்பது என்று ரயிலில் முடிவு செய்தாள், தாம்பரம் பாலம் ஏறும்போது இரண்டையும் என்று மாற்றினாள், கேம்ப் ரோட்டில் இறங்கும்போது மறுபடி ஒன்று. வேதசிரோமணி தனக்கோடியின் கவரை வாங்கித் தபால் நோட்டில் பதிந்தார். ஜெயசீலி நகரவில்லை.

"வேற ஏதாச்சும் உண்டாம்மா?" என்று கேட்டார்.

"உண்டு" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தாள். கவரை அவர் இழுக்க வேண்டியிருந்தது. இவள் விரல் விடவில்லை.

மறுவிசாரணைச் சனிக்கிழமை, அதே மேசை. வேதசிரோமணி முதலில் தனக்கோடியின் ஆட்சேபத்தை வாசித்தார். அப்புறம் அடுத்ததைப் பிரித்தார். வழக்கமான கணீர்க் குரல் இரண்டாம் வரியில் தணிந்துவிட்டது.

"பொழிச்சலூர் பள்ளி மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜெயசீலி எழுதிக்கொள்வது. எனக்குப் பதினாலு வயது முதல் வலிப்பு நோய் உள்ளது. மாத்திரையால் அடங்கியுள்ளது. பதினொரு வருடப் பணியில் பள்ளியில் ஒரே முறை, அதுவும் பிள்ளைகள் இல்லாத இடத்தில் வந்தது. இந்த விதி வந்த கூட்டத்தில் எங்கள் பள்ளியில் யாருக்கும் இல்லை என்று நான் சொன்னது பொய். பயத்தினால் சொன்னேன். இந்த விதியை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பெற்றோர் பிரதிநிதி தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். அரை அடிதான். ஆனால் அந்தச் சத்தம் அவள் காதில் அறைந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை. கீழே பார்த்தபடி மேசையில் இருந்த மைக்கறைகளை எண்ணினாள்.

"இவங்க சம்பந்தப்பட்டவங்க ஆயிட்டாங்களே, ஓட்டுப் போடலாமா?" என்றார் நிர்வாகத்தாரில் ஒருவர்.

"பிரதிநிதிங்கறதை யாரும் எடுத்துடலையே. போடலாம்" என்றார் ஜெபசீலன் சார். ஒழுங்கு என்றால் ஒழுங்கு அவருக்கு. "ஆனா மூணு வியாதியையும் ஒரே மூட்டையாக் கட்டியிருக்காங்க. அதைப் பிரிச்சு எடுப்போம் ஐயா."

பிரித்தார்கள். க்ஷயம்: குணமானவர் இருக்கலாம். ஜெயசீலி கை தூக்கினாள். எல்லாக் கைகளும் எழுந்தன. பெருவியாதி, அதாவது குஷ்டம்: மருந்து சாப்பிடுகிறவர் இருக்கலாம். அதற்கும் எழுந்தன.

"வலிப்பு" என்றார் ஐயர். "போகட்டும்கறவங்க?"

அவள் கையைத் தூக்கினாள். இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். அரை நொடி போயிற்று. ஒரு நொடி போயிற்று. சைக்கிளுக்கு எழுந்த கைகள், அன்றைக்குப் பொய்க்கு எழுந்த கைகள், எல்லாம் மேசைமேலேயே கிடந்தன. பிறகு ஐயர் தூக்கினார். கொஞ்சம் பொறுத்து ஜெபசீலன் சார்.

"மூணு" என்றார் வேதசிரோமணி. யாரும் அசையவில்லை. "எதிர்ப்பு நாலு."

"பிள்ளைங்க நடுவுல விழுந்து வெச்சா யாரு ஜவாப்? உங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்லீங்க டீச்சர்" என்றார் பெற்றோர் பிரதிநிதி. அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. ஜெபசீலன் சார் வாதாடி ஒரு திருத்தம் வாங்கினார்: வலிப்பு உள்ளவர் வகுப்பு எடுக்கக்கூடாது, அலுவலக வேலையில் இருக்கலாம், சம்பளம் குறையாது. திங்கட்கிழமை முதல் அமல்.

வெளியே வராந்தாவில் ஐயர் அவளை நிறுத்தினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. "அன்னைக்கு அதை அடிச்சிடணும்னுதான்ம்மா நான் வந்தேன். உன் கை எழுந்துச்சு. டீச்சரே சரின்னு சொல்லும்போது நான் யாருன்னு நானும் தூக்கிட்டேன். அன்னைக்கு நீ போகட்டும்னு சொல்லியிருந்தா, ஒருத்தரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

அவள் கைப்பையை அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். மூன்று மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்து செத்தாளோ, அந்தக் கேள்வி வந்தே இருக்காதாம். நாற்பத்து மூன்று பிள்ளைகள். திங்கட்கிழமை அவர்கள் முன்னால் வேறு யாரோ நிற்பார்கள்.

கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் தனக்கோடி உட்கார்ந்திருந்தாள். பொழிச்சலூரிலிருந்து இவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறாள். இவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னா ஆச்சு டீச்சர்?"

"உங்களுக்கு வேலை இருக்கு ஆயாம்மா. திங்கக்கிழமை வழக்கம்போல வரலாம்."

தனக்கோடி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்கு?"

"நானும் என்னைப் பத்தி எழுதிக் குடுத்தேன். வகுப்பு போச்சு. ஆபீஸ்ல உக்காரச் சொல்லிட்டாங்க."

"அடிப் பாவி! யாரு ஒன்ன எயுதச் சொன்னது? நான் வாயத் தொறக்கலியே! சாமி சத்தியமா தொறக்கலியே!"

தாம்பரம் பஸ் ஒன்று வந்து நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். இரண்டு பேரும் ஏறவில்லை. ஜெயசீலிக்குச் சொல்ல இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. கமிட்டியின் ஆறு பேருக்கு முன்னால் வலிப்பு என்று ஒத்துக்கொண்டதைவிட, இந்த ஒருத்திக்கு முன்னால் அதைச் சொல்ல அதிகப் பயமாக இருந்தது. சொல்லாவிட்டாலும் இவளுக்குத் தெரியப்போவதில்லை என்ற நினைப்பும் வந்தது.

"ஆயாம்மா, உங்க வேலையைப் போக்கின விதி... அது இருக்கட்டும்னு அன்னைக்கு முதல்ல கை தூக்கினது நான்தான்."

தனக்கோடி முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. முந்தானையை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"தெரியும் டீச்சர். செவுத்துல ஒட்டன அன்னிக்கே அஞ்சாவது படிக்கிற புள்ள ஒண்ண நிறுத்தி படிக்கச் சொன்னேன். ஆசிரியர் பிரதிநிதி முதல் கைன்னு போட்டுகினுதான இருந்துச்சி" என்றாள். "அதான் தாளத் தூக்கினு ஒன் வூட்டுக்கு வந்தேன். தூக்குன கைய நீதான எறக்கணும்?"